உயிர் காக்க விரையும் ஊர்தி

நோயாளியிடம் மருத்துவரை அழைத்து வருவதா, மருத்துவரிடம் நோயாளியைக் கொண்டு செல்வதா என்னும் வினா, மருத்துவக் கலையைப் போலவே பழமையானது. அமைதியான காலத்தில் இவ்வினாவுக்கு ஆர அமர விடை காணலாம். ஆனால் சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும் போதும், நள்ளிரவில் ஒருவருக்கு மார்பு அடைத்து மூச்சுத் திணறும் போதும், கருவுற்ற பெண்ணுக்குக் காலம் முந்தி வலி எடுக்கும் போதும் ஆராய்ந்து கொண்டிருக்க நேரம் ஏது? அவ்வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது ஓர் ஊர்திதான். அவ்வூர்தி எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்பதைத் தொலைவில் அமர்ந்தவாறே அறிந்துகொள்ளும் ஆற்றலை மனிதன் பெற்ற வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அவ்வரலாற்றின் இந்தியப் பகுதி பெரிதும் நிகழ்ந்த இடம், தமிழர் பலர் வாழும் ஐதராபாத் நகரம் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஐதராபாத்தின் இரட்டை நகரமான செகந்தராபாத்தில் மெட்டுகுடா என்றொரு பகுதி உண்டு. செகந்தராபாத்திலிருந்து தார்நாகா, ஹப்சிகுடா வழியாக உப்பல் செல்லும் பெருஞ்சாலை இதனூடே போகிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் அச்சாலையின் மேலே தூண்கள் மீது மெட்ரோ இரயிலும் ஓடுகிறது. அண்டையிலேயே லாலாகுடா. அங்கே நிஜாம் காலத்து இரயில்வே 1893-இல் நிறுவிய தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே அமைந்தபோது, தென்னக இரயில்வேயிலிருந்து விசயவாடா, ஹூப்ளி ஆகிய இரண்டு கோட்டங்கள் பிரித்து அதனோடு சேர்க்கப்பட்டன. அலுவல் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இருப்புப்பாதையை ஒட்டிய இக்குடியிருப்புகளைத் தம் ஊராகக் கொண்டன.

இரயில்வே ஊழியர் வாழும் பகுதியை இங்கு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடும் வண்டி இந்நொடியில் எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கு முதன்முதலில் ஒழுங்கான விடை கண்டவர்கள் இரயில்வேக்காரர்களே. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அமர்ந்திருப்பார்; அவர் காதோடு பொருந்திய தொலைபேசிக் கம்பி வழிநெடுகிலும் உள்ள நிலையங்கள் அனைத்தையும் இணைக்கும். வண்டி தம் நிலையத்தைக் கடந்ததும் ஒவ்வொரு நிலைய அதிகாரியும் நேரத்தை அறிவிப்பார். கட்டுப்பாட்டு அலுவலர், ஒருபுறம் நேரமும் மறுபுறம் தூரமும் குறித்த பெரிய கட்டத் தாளில் கோடு இழுத்துச் செல்வார். அக்கோட்டைப் பார்த்தே, எந்த வண்டியை எங்கே நிறுத்தி எதற்கு வழிவிடுவது என்று முடிவு செய்வார். இம்முறை வெற்றி பெற்றதற்குக் காரணம் எளிது. புகைவண்டி தண்டவாளத்தை விட்டு விலகாது. வழியில் நிலையங்கள் உண்டு. நிலையங்களில் சொல்வதற்கு ஆள் உண்டு.

மருத்துவ ஊர்திக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அது எந்தச் சந்திலும் புகும். எந்தத் திருப்பத்திலும் திரும்பும். அதன் வரவையும் போக்கையும் குறித்துச் சொல்ல வழியில் எவரும் இல்லை. ஆகவே மூன்று வினாக்களுக்கு விடை தேட வேண்டியதாயிற்று. உதவி வேண்டுபவர் எங்கே இருக்கிறார்? அவருக்கு மிக அருகில் ஒழிவாக நிற்கும் ஊர்தி எது? ஏற்றிய பின் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது? இம்மூன்றுக்கும் விடை ஒரே நாளில் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

முதலில் ஊர்தி பிறந்த கதையைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படையில் அறுவை மருத்துவராயிருந்தவர் தொமினிக் ழான் லாரே என்பவர். அந்நாளில் போர்க்களத்தில் காயமுற்றோர், சண்டை ஓயும் வரை விழுந்த இடத்திலேயே கிடப்பர். பீரங்கிகளை இழுத்துக்கொண்டு குதிரைகள் பறப்பதைக் கண்ட லாரே, காயமுற்றோரையும் அவ்வாறே விரைந்து மீட்டால் என்ன என்று எண்ணினார். வில் பொருத்திய இலேசான குதிரை வண்டிகளை 1792, 1793-ஆம் ஆண்டுகளில் அமைத்தார். அவற்றைப் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று அழைத்தனர். பதவியையோ பட்டத்தையோ பாராமல், காயத்தின் கொடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்தல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறியே.

போர்க்களத்து வண்டி நகர வீதிக்கு வர மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1865-இலும், நியூயார்க்கின் பெல்லவ்யூ மருத்துவமனையில் 1869-இலும் மருத்துவமனைகளே ஊர்திகளை நடத்தத் தொடங்கின. பெல்லவ்யூவில், எங்கேனும் விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்திலிருந்து தந்தி வழியே செய்தி வரும். சேணம் பூட்டி ஆயத்தமாய் நின்ற குதிரைகளோடு வண்டி புறப்படும். மருத்துவ ஊர்தியும் தந்தியும் கைகோத்த காலம் இது. ஊர்தி எத்துணை விரைவாக ஓடினாலும், அதை அழைக்கும் செய்தி அதனினும் விரைவாக ஓடினாலன்றிப் பயனில்லை என்னும் உண்மை அன்றே புலப்பட்டது.

தந்திக்குப் பின் தொலைபேசி வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் 1882-ஆம் ஆண்டில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. எனினும் ஆபத்துக்கு அழைப்பவரும் அரட்டைக்கு அழைப்பவரும் ஒரே வரிசையில் காத்து நின்றனர். இதன் கொடுமையை 1935-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரம் கண்டது. விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டை வீட்டார் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றார். தொலைபேசி நிலையத்தார் அவரைக் காத்திருப்போர் வரிசையில் வைத்துவிட்டனர். ஐந்து பெண்கள் மாண்டனர். நாடே கொதித்தது. அதன் பயனாக 1937-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், ஆபத்து அழைப்புக்கென்றே 999 என்னும் தனி எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 என்னும் எண்ணில் முதல் அழைப்பு, அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் 1968-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலித்தது.

எண் கிடைத்தது, ஊர்தியின் உள்ளே என்ன இருந்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அமெரிக்காவிலேயே ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனங்கள்தாம் பல ஊர்களில் மருத்துவ ஊர்திகளையும் ஓட்டின. படுக்க வைக்க ஏற்ற நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது. 1966-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்துச் சாவுகளை நவீன சமுதாயத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய் என்று கண்டித்தது. அதே ஆண்டில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர், இதயத் துடிப்பை மீட்கும் மின்கருவியையே ஊர்தியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில், வேலை வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களைப் பயிற்றி, ‘பிரீடம் ஹவுஸ்’ என்னும் ஊர்திப் பணி தொடங்கிற்று. பீட்டர் சஃபார் என்னும் மருத்துவர் அதற்குத் துணை நின்றார். ஊர்தி வெறும் சுமை வண்டியன்று, மருத்துவமனையின் நீண்ட கை என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

நம் நாட்டிலும் நெடுங்காலம் ஆம்புலன்ஸ் என்றால் மக்கள் மனத்தில் எழுந்த உருவம் என்ன? மருத்துவமனையிலிருந்து பிணத்தை வீட்டுக்குக் கொண்டு வரும் வண்டி. வெளியூரில் பிழைக்கச் சென்றவர் வீட்டு வாயிலில் அது வந்து நின்றால், ஊரே அழத் தொடங்கும். அவ்வண்டி உயிரோடு இருப்பவரை ஏற்றிச் செல்வதற்கே உரியது என்று மக்களை நம்ப வைப்பதே பெரும்பாடாயிற்று.

இனி, ஊர்தி எங்கே என்னும் இரண்டாம் வினாவுக்கு வருவோம். இதற்கு முதல் துணை செய்தது வானொலி அலையே. அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரக் காவலர் 1928-இல் தம் வண்டிகளுக்கு வானொலி வழியே ஆணை அனுப்பத் தொடங்கினர். வண்டியில் இருப்போர் கேட்கலாம். மறுமொழி கூற இயலாது. இரு பக்கமும் பேசும் கருவி 1930-களில் வந்தது. அதன் பின்னரும் ஓட்டுநர் வாய் திறந்து சொன்னால்தான் ஊர்தி இருக்குமிடம் தெரியும். அவர் நோயாளியைத் தூக்கிக்கொண்டிருக்கும் போது யார் சொல்வது? நெரிசலில் அவர் தவறான தெருவின் பெயரைச் சொன்னால் என்ன செய்வது?

விடை வானத்திலிருந்து வந்தது. 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்யர் ஸ்புட்னிக்கை ஏவினர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கயர், வைஃபன்பாக் என்னும் இரு இளம் அறிஞர்கள் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். புகைவண்டி நம்மை நெருங்கும் போது அதன் ஊதல் உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் ஒலிப்பது போல, ஸ்புட்னிக்கின் அலையும் மாறுவதைக் கண்டனர். அம்மாற்றத்தைக் கொண்டே அச்செயற்கைக்கோளின் பாதையைக் கணக்கிட்டனர். தரையில் நிற்கும் நாம் இருக்குமிடம் தெரிந்தால் வானில் உள்ள கோளின் இடத்தை அறியலாம் என்றால், கோளின் இடம் தெரிந்தால் நாம் இருக்குமிடத்தையும் அறியலாம் அன்றோ? இந்த எளிய திருப்பமே பிற்காலத்து வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் அனைத்துக்கும் வித்தாயிற்று.

ஜி.பி.எஸ். என்று இன்று சிறுவரும் சொல்லும் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 24 செயற்கைக்கோள்களோடு அது 1995-இல் முழுமையுற்றது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அவை சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இன்னது’ என்று ஒவ்வொன்றும் இடைவிடாது ஒலிபரப்பும். ஊர்தியில் உள்ள சிறு கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைப் பெற்று, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் இருக்குமிடத்தைக் கணக்கிடும். அலை ஒளியின் வேகத்தில் பாய்வதால், கடிகாரம் ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் கணக்கில் 300 மீட்டர் பிழைபடும். நேரத்தைச் செம்மையாக அளத்தலே இடத்தைச் செம்மையாக அளத்தல் என்பது இதனால் விளங்கும்.

இராணுவத்தின் பொருட்டு எழுந்த அமைப்பாதலின், பொதுமக்களுக்குக் கிடைத்த ஒலிபரப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் இடக் கணக்கு நூறு மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நீக்கப்பட்டது. பிழை சில மீட்டர்களாகச் சுருங்கியது. மெட்டுகுடா போன்ற நெருக்கமான பகுதியில் நூறு மீட்டர் என்பது பெருஞ்சாலைக்கும் பின்தெருவுக்கும் உள்ள வேற்றுமை. ஊர்தியைத் தேட இக்கருவி பெரிதும் பயன்பட்டது அதன் பின்னரே எனலாம்.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அடுத்தடுத்து ஏவப்பட்ட செயற்கைக்கோள்களால் ‘நாவிக்’ என்னும் இந்திய வழிகாட்டி அமைப்பு உருவாயிற்று. வெளிநாட்டில் வாங்கிப் பொருத்திய அணுக் கடிகாரங்கள் சில செயற்கைக்கோள்களில் பழுதுற்றமையால் இடர்ப்பாடு நேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஏவிய செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம்பெற்றது.

ஊர்தி தன் இடத்தை அறிந்தால் மட்டும் போதாது. அதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவும் வேண்டும். இப்பணியைக் கைப்பேசி அலைகள் ஏற்றன. இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. சில ஆண்டுகளில், பேச்சை மட்டுமன்றி எழுத்தையும் எண்ணையும் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும் முறையும் வந்தது. ஊர்தியில் உள்ள கருவி, தன் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், நேரம் ஆகியவற்றைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்புகிறது. ஓர் அஞ்சலட்டையின் ஒரு வரிக்குள் அடங்கும் செய்திதான் அது. ஆயினும் இரயில்வே நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்லும் செய்திக்கு நிகர் அதுவே. தண்டவாளம் இல்லாத ஊர்திக்கு, வழிநெடுகிலும் கண்காணா நிலையங்கள் அமைந்துவிட்டன.

எனினும் கருவியை மட்டும் நம்பினால் நேரும் கேட்டுக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இலண்டன் நகர ஆம்புலன்ஸ் நிலையம், 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், அதுவரை தாளிலும் மனத்திலும் நடந்துவந்த பணி முழுவதையும் கணிப்பொறிக்கு ஒப்படைத்தது. ஊர்திகளின் இருப்பிடத்தை அறியும் கருவியும், ஊர்திக்குள் செய்தி காட்டும் திரையும் அதனோடு இணைந்திருந்தன. அவசர அழைப்புகள் ஒவ்வொரு நாளும் ஆயிரத்தைத் தாண்டும் நகரம் அது. ஊர்திகளிலிருந்து வந்த செய்திகள் சில விடுபட்டன, சில பிழைபட்டன. எனவே கணிப்பொறி, ஒழிவாக நின்ற ஊர்தியைக் காணவில்லை; தொலைவில் இருந்ததை அனுப்பியது; ஒரே இடத்துக்கு இரண்டு ஊர்திகளையும் அனுப்பியது. காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைத்தனர்; அழைப்புகள் குவியக் குவியப் பொறி மேலும் தடுமாறியது. இரண்டு நாள்களுக்குள் தலைமை அதிகாரி பதவி விலகினார். நவம்பர் 4-ஆம் நாள் பொறி முற்றிலும் செயலிழக்கவே, ஊழியர் மீண்டும் தாளையும் எழுதுகோலையும் எடுத்தனர். போதிய சோதனையும் பயிற்சியும் இன்றி ஒரே நாளில் மாற்றம் செய்ததே குற்றம் என்று விசாரணைக் குழு 1993-இல் கூறியது. பொய்யான இருப்பிடம், இருப்பிடம் தெரியாமையினும் கொடிது என்பது அதன் படிப்பினை.

இவ்வளவு முன்வரலாறும் அமைந்த பின்னரே ஐதராபாத் காட்சிக்கு வருகிறது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், விடுதலைத் திருநாளன்று, 108 என்னும் எண்ணோடு அவசர மருத்துவ ஊர்திப் பணி அங்கே தொடங்கப்பட்டது. சத்யம் கணிப்பொறி நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு நிறுவிய இ.எம்.ஆர்.ஐ. என்னும் அறநிறுவனம் அதை நடத்தியது. அந்நாளைய ஆந்திர அரசு துணை நின்றது. செகந்தராபாத்தை அடுத்த தேவர்யாம்ஜாலில் அதன் வளாகம் எழுந்தது. ஊர்தியில் செல்லும் மருத்துவ உதவியாளருக்குப் பயிற்சியளிப்பதில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பங்கு கொண்டது. நம் அப்துல் கலாம் அவர்களும் குடியரசுத் தலைவர் பதவியினின்று ஓய்வு பெற்றபின் இந்நிறுவனத்தின் கௌரவத் தலைவராய் விளங்கினார்.

108 என்னும் எண் மக்கள் மனத்தில் விரைவில் பதிந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. செபமாலையின் மணிகள் 108. வைணவர் போற்றும் திருப்பதிகள் 108. பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காயும் 108. எழுத்தறியாத மூதாட்டியும் மறவாத எண் அது. கட்டணமும் இல்லை.

அழைப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மெட்டுகுடாவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். இருப்புப்பாதையின் ஒரு பக்கத்துக் குடியிருப்பில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று கொள்வோம். வீட்டார் 108-ஐ அழைக்கின்றனர். அழைப்பை ஏற்பவர், இடம் எது, என்ன நேர்ந்தது என்று கேட்டுப் பதிவு செய்கிறார். அப்பதிவு அக்கணமே, ஊர்திகளை அனுப்பும் அலுவலரின் திரைக்குச் செல்கிறது. அங்கே நகரப் படத்தின் மீது ஊர்திகள் புள்ளிகளாய்த் தெரிகின்றன. பாதைக்கு மறுபக்கம் அரைக் கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊர்தி நிற்கிறது. இப்பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டரில் மற்றொன்று நிற்கிறது. எதை அனுப்புவது? காகம் பறக்கும் தூரத்தை அளந்தால் முதலாவதே அருகில் உள்ளது. ஆனால் அது சுற்றிவந்து பாலத்தின் கீழ் நெரிசலில் நுழைந்து வரவேண்டும். இரண்டாவது நேரே வந்துவிடும். சாலைப் படமும் நேரத்து நெரிசலும் அறிந்த பொறி, இரண்டாவதைப் பரிந்துரைக்கும். பொறி அறியாத ஒன்றை, காட்டாக அன்று ஊர்வலம் போகும் தெருவை, அலுவலரும் ஓட்டுநரும் அறிவர். முடிவு மனிதனுடையதாக இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

ஊர்தியில் இருவர் வருகின்றனர். ஒருவர் மருத்துவ உதவியாளர், மற்றவர் ஓட்டுநர். ஓட்டுநரை இப்பணியில் ‘பைலட்’ என்றே அழைப்பர். விமானம் ஓட்டுபவருக்கு உரிய மதிப்பை அவருக்கும் தரும் பெயர் அது. வழியிலேயே உதவியாளர், கட்டுப்பாட்டு நிலையத்திலுள்ள மருத்துவரோடு தொலைபேசியில் கலந்து சிகிச்சை தொடங்குகிறார். முசீராபாத்திலுள்ள காந்தி மருத்துவமனைக்கோ, வேறெங்கோ நோயாளி வந்து சேரும் முன்னரே செய்தி சேர்ந்துவிடுமாயின், அங்கே படுக்கையும் மருத்துவரும் ஆயத்தமாய் இருப்பர். மூன்றாம் வினாவுக்கு விடை இதுவே.

இப்பணி பெருஞ்சோதனை ஒன்றையும் கடந்தது. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், சத்யம் நிறுவனத்தின் கணக்குகளில் பல்லாண்டுகளாகப் பொய் புனைந்ததை இராமலிங்க ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவர் பெயரால் எழுந்த ஊர்திப் பணியும் சரிந்துவிடுமோ என்ற அச்சம் பரவியது. சரியவில்லை. செலவின் பெரும்பகுதியை அரசுகளே ஏற்றிருந்தன. மக்கள் அதனைத் தம் உடைமையாகவே கருதத் தொடங்கியிருந்தனர். அதே ஆண்டில் ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது. நிறுவியவரின் நிலை தாழ்ந்தும் நிறுவனம் நிலைத்தது. பொதுநலப் பணி ஒருவரது வள்ளன்மையை மட்டும் நம்பி நிற்றலாகாது, மக்களின் உரிமையாக வேரூன்ற வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஐதராபாத்தில் ஏற்றிய விளக்கு பிற மாநிலங்களுக்கும் பரவியது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குஜராத்திலும், 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த நாளன்று, தமிழகத்திலும், அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் கருநாடகத்திலும் 108 தொடங்கியது. மகாராட்டிரத்தில் 2014-இல் வேறொரு நிறுவனத்தின் வழியே அதே எண் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் ஊர்திகள் 1,300-க்கும் மேலாகப் பெருகின. 2016-இல் சென்னையின் நெரிசலில் நுழைந்து செல்ல இருசக்கர ஊர்திகளும் வந்தன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், விபத்துற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டமும் தொடங்கியது. ஊர்தி வேகமாக வந்து, மருத்துவமனை வாயிலில் பணம் கேட்டு நிறுத்தினால் வேகத்தால் பயன் என்ன? அவ்வேகத்துக்கு இத்திட்டம் பொருள் தந்தது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இங்கு ஊன்றிக் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஊர்தி எங்கே இருக்கிறது என்பதைப் பொறி மிக நன்றாக அறிந்துகொண்டது; ஆனால் அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அவ்வளவு நன்றாக அறியவில்லை. கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டு கணக்கிட்டால் இருப்பிடம் நூற்றுக்கணக்கான மீட்டர் வழுவக்கூடும். ஆபத்தில் அழைத்ததும் கைப்பேசியே தன் இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் முறை 2014-இல் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவி வருகிறது. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய 112 என்னும் பொது எண்ணும், காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒரே வாயிலில் கொண்டுவர முயல்கிறது. இவையெல்லாம் முழுமை பெறும் வரையிலும், பெற்ற பின்னருங்கூட, அழைப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லே முதல் வழிகாட்டி.

அச்சொல் எந்த மொழியில் வரும்? ஐதராபாத்தில் அழைப்பை ஏற்பவர் தெலுங்கிலோ இந்தியிலோ உருதுவிலோ ஆங்கிலத்திலோ வினவுவார். மகனோடு வந்து தங்கியிருக்கும் தாயார், வீட்டில் தனித்திருக்கும் வேளையில் தமிழன்றி வேறொன்றும் அறியாதவராயின் என் செய்வார்? செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சொல்ல வல்லதை, அவர் வாயிலில் நிற்கும் நாலு சொல் தடுத்துவிடலாகாது. ஆகவே நம் வீடுகளில் ஒரு சிறு ஏற்பாடு செய்தல் நலம். வீட்டு எண், தெரு, அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ மெட்ரோ நிலையமோ, தூணின் எண் ஆகியவற்றை அவ்வட்டார மொழியின் ஒலியிலேயே தமிழ் எழுத்தில் எழுதிக் கைப்பேசிக்கு அருகில் ஒட்டி வைத்தல் வேண்டும். அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணையும் அதனோடு சேர்க்கலாம். ஊர்தி வரும்போது ஒருவர் தெருமுனையில் நின்று கையசைத்தல், எந்தக் கருவியினும் நல்ல கருவி.

மற்றொரு கடமையும் நமக்குண்டு. விபத்தைக் கண்டால் வழக்கில் சிக்கிக்கொள்வோமோ என்று அஞ்சி ஒதுங்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. புது ஊரில் வாழ்வோர்க்கு அவ்வச்சம் இரட்டிப்பு. காவல்துறை நடைமுறைக்குக் காத்திராமல் எந்த மருத்துவரும் உடனே சிகிச்சை அளித்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே கூறியது. உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளுக்கு 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் அதே நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. உதவ முன்வருபவர் தம் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ ஊர்திக்கு வழிவிடாதவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டமோ சிறையோ இரண்டுமோ அதே திருத்தத்தில் விதிக்கப்பட்டன. தண்டத்துக்கு அஞ்சி விலகுவதினும், உள்ளே இருப்பவர் யாரோ ஒருவரின் தந்தை என்று எண்ணி விலகுவது உயர்ந்தது.

லாரேயின் குதிரை வண்டி முதல் நாவிக் செயற்கைக்கோள் வரை வந்த நெடும் பயணத்தில் கருவிகள் மாறின, வேகம் பெருகியது. மாறாதது ஒன்று: அழைக்கும் குரல் ஒன்று, அதைக் கேட்டு விரையும் மனிதர் சிலர். இடையில் உள்ளவை அனைத்தும் அவ்விருவரையும் நெருங்கச் செய்யும் பாலங்களே. மொழி வேறாயினும் மாநிலம் வேறாயினும், பாலத்தின் இப்புறத்தில் நிற்கும் நாம் நம் பங்குக்குச் செய்ய வேண்டியதை இன்றே செய்து வைப்போமாக.